இருபத்தொரு தீக்குச்சி

— பத்து லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து ஐநூத்து எழுபத்தாறு. இவ்வளவு காசு நான் தரணுமாம் சார்.

— யாருக்குங்க?

— என் பொண்ணுக்கு.

— உக்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க. பாருங்க, நான் இங்க ஹெட்மாஸ்டரா வந்ததுலேர்ந்து எத்தனையோ புகார் கேட்டிருக்கேன். அப்பன் பொண்ணுக்குக் கடன் பட்ட புகார் இதான் முதல் தடவை. பத்தாவது படிக்கிற பொண்ணுகிட்ட எதுக்குக் கடன் வாங்கினீங்க?

— வாங்கல சார், தோத்தேன். தீக்குச்சி ஆட்டம். கேட்டுக்குங்க, ஒத்த ரூபாக் காசுலதான் ஆரம்பிச்சுது. 'அப்பா, தோத்தா ரெட்டிப்பு, ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சீங்கன்னாலும் மொத்தக் கடனும் ரத்து'ன்னு சொல்லிச்சு. ஒத்தக் காசுதானேன்னு உக்காந்தேன். ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு... சிரிச்சுக்கிட்டே தோத்தேன் சார். தினம் கிடங்குலேர்ந்து வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தோல்வி. நேத்து இருபத்தொண்ணாவது ஆட்டம். முடிஞ்சதும் வாலு இந்தத் தொகையைச் சொல்லுது. மூச்சு வாங்காம சொல்லுது.

— வாலுங்கறது யாரு?

— என் பொண்ணுதான். வீட்ல அதான் பேரு. வந்து பாத்தீங்கன்னா நீங்களும் அதையே வைப்பீங்க.

— இந்த ஆட்டத்தைக் கத்துக் கொடுத்தது?

— அதோ, பீரோ பக்கத்துல நிக்கிறாங்களே கணக்கு டீச்சரம்மா, அவங்கதான்.

— கேட்டீங்களா டீச்சர்?

— கேட்டேன் சார். தொகை சரியா இருக்கு.

— தொகையைச் சரிபாக்கவா உங்களைக் கூப்பிட்டு விட்டேன்? கணக்கு வகுப்புல விளையாட்டு வேணாம்னு எத்தனை தடவை சொல்லியாச்சு? போன மாசம் கையை எடுக்காம ஒரே இழுப்புல வீடு வரையறோம்னு வராண்டாச் சுவர் பூரா சாக்பீஸ். அதுக்கு முன்னாடி, பேப்பர் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டிட்டு நடுவுல நீளமா வெட்டினா ரெண்டாகாது, ஒரே வளையமாத்தான் இருக்கும்னு, ஆபீஸ்ல இருந்த பில் ரோல் மொத்தமும் காலி.

— ரெண்டாச்சா சார்?

— ஆகல. அது வேற விஷயம். பத்தாவதுக்கு அரசாங்கப் பரிட்சை இருக்கு. பாடம் எங்க, விளையாட்டு எங்க?

— இதுதான் பாடம். பெருக்குத் தொடர்னு புத்தகத்துல ஒரு அத்தியாயம் இருக்கு. ரெட்டிப்பு ரெட்டிப்பா போனா எங்க கொண்டு போய் விடும்னு போர்டுல எழுதினேன். எல்லாரும் எழுதிக்கிட்டாங்க, ஒருத்தரும் நம்பல. அப்பதான் வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்ல யாரையாவது உக்கார வச்சு, ஒத்தக் காசுலேர்ந்து தோக்கடிச்சிட்டே வாங்கன்னு. இப்ப எல்லாரும் நம்பறாங்க.

— நானும் நம்பிட்டேன் டீச்சரம்மா. நல்லாவே நம்பிட்டேன்.

— சிரிக்காதீங்க ரெண்டு பேரும். பாருங்க, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்கூல் கமிட்டி வருது. ஏற்கெனவே தலைவர் காதுல எவனோ ஊதி வச்சிருக்கான், கணக்கு வகுப்புல சூதாட்டம் நடக்குதுன்னு. நீங்க வந்து, இப்ப சொன்னதை அப்படியே அவங்க முன்னாடி சொல்லிடுங்க. போதும். டீச்சரைப் பத்தாவதுலேர்ந்து எடுத்துட்டு, ஆறாவதுக்கு அனுப்பிடறோம். வாய்ப்பாடு நடத்தட்டும்.

— ஆறாவதுக்கும் தீக்குச்சியோடதான் சார் போவேன்.

— பாத்தீங்களா பேச்சை!

— சார், சார், ஒரு நிமிஷம். யாரையும் எங்கேயும் அனுப்பச் சொல்லி நான் வரல. எனக்கு ஜெயிக்கிற வழி தெரியணும். அதைக் கேக்கத்தான் அரைநாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கேன்.

— எதுக்குங்க? சின்னப் பொண்ணு, விளையாட்டுக்குச் சொன்னது. போடி போக்கத்தவளேன்னு விட்டுட்டுப் போவீங்களா!

— முடியாது சார். கேட்டுக்குங்க. எங்க கிடங்குல ரசீது, சீட்டு ஒண்ணும் கிடையாது. லாரிக்கு இவ்வளவு மூட்டை, மூட்டைக்கு இவ்வளவு கூலி, எல்லாம் வாய் வார்த்தை. பேச்சு மாறினவனை மறுநாள் எந்த லாரிப் பக்கமும் அண்ட விட மாட்டாங்க. வாலு அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்ன பண்ணிச்சு தெரியுமா? லீவு நாள் மத்தியானம் சோறு கொண்டாந்தப்ப, அத்தனை பேர் முன்னாடியும், 'அப்பா, ரெட்டிப்பு, சரிதானே?'ன்னு கேட்டுச்சு. நானும் பெரிய இவன் மாதிரி மீசையைத் தடவிக்கிட்டு 'சரி'ன்னுட்டேன். இப்போ என்னைக் கிடங்குல எவனும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'லட்சாதிபதி, அந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கு'ங்கறானுங்க.

— அவ காசாவா கேக்கறா?

— காசு கேட்டா பரவாயில்லையே டீச்சரம்மா. 'காசு இல்லேன்னா பரவால்லப்பா, அதுக்குப் பதிலா என்னை மேல படிக்க வைங்க. இல்ல, ஒரு ஆட்டம் ஜெயிச்சு ரத்து பண்ணிக்குங்க'ங்குது.

— மேல படிக்க வைக்கப் போறதில்லையா நீங்க?

— அவங்க அம்மா பேக்கிங் கம்பெனியில சொல்லி வச்சிருக்கா. பரிட்சை முடிஞ்ச மறுநாளே வேலைக்கு வரலாம்னு சொல்லிட்டாங்க. டப்பா ஒட்டற வேலை, உக்காந்த இடத்துல. எனக்கு முதுகு போயிடுச்சு டீச்சரம்மா. காலையில எழுந்து நேரா நிக்கறதுக்கே சுவரைப் பிடிக்கணும். அவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு இருக்கு. நான் என்ன ஆசைப்பட்டா நிறுத்தறேன்?

— அப்ப நான் இங்க வழி சொன்னா, நீங்க வீட்டுக்குப் போய் ஜெயிப்பீங்க. கடன் ரத்து. அவ டப்பா ஒட்டப் போவா.

— ஆமா. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

— சொல்ல மாட்டேன்.

— டீச்சரம்மா...

— சொல்ல மாட்டேங்க. என் வகுப்புல நாப்பது பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் சொன்னதில்ல. கண்டுபிடிக்கிறவங்களுக்குத்தான் அது சொந்தம். கண்டுபிடிச்சவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லக் கூடாது. அதான் வகுப்பு விதி. உங்களுக்காகவும் மாத்த முடியாது.

— அப்ப நானும் சொல்லிடறேன். வழி சொன்னீங்கன்னா நாளைக்கு இந்தப் பக்கமே வர மாட்டேன். சொல்லலைன்னா பத்து மணிக்கு வந்து கமிட்டிக்காரங்ககிட்ட, இந்த டீச்சர் என் பொண்ணை அப்பனுக்கே கடன்காரி ஆக்கிட்டாங்கன்னு சொல்லுவேன். நான் பேச்சு மாற மாட்டேன்.

— சொல்லித் தொலைங்க டீச்சர்! எல்லாருக்கும் தலைவலி விட்டுது. அவரும் வர மாட்டார், கமிட்டியை நான் பாத்துக்கறேன்.

— வகுப்பைப் பிடுங்கிக்குங்க சார். சாக்பீஸ், பில் ரோல், எல்லாத்தையும் பிடுங்கிக்குங்க. அவ தானா கண்டுபிடிச்சதை நான் விலை பேச மாட்டேன்.

— அப்படி என்ன பொல்லாத ரகசியம் அது? பாருங்க, எனக்குப் பாடம் சரித்திரம்தான். ஆனா தீக்குச்சி எடுக்கறதுக்கு எந்தப் பட்டமும் வேணாம். ஆட்டத்தைச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சுத் தர்றேன். தீக்குச்சி இல்ல, கிளிப்பு இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு... எத்தனை?

— இருபத்தொண்ணு சார். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எடுக்கணும். ஒண்ணு எடுக்கலாம், ரெண்டு எடுக்கலாம், மூணு எடுக்கலாம். அதுக்கு மேல கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாது. கடைசிக் குச்சி யார் கைக்கு வருதோ அவன் தோத்தான்.

— அவ்வளவுதானா? இதுக்கா பத்து லட்சம்? வாங்க, நாற்காலியை இழுத்துப் போடுங்க. மூணு எடுத்துட்டேன்.

— நான் ஒண்ணு.

— ரெண்டு.

— மூணு. ஆரம்பத்துல நான் எப்பவும் நல்லாத்தான் சார் ஆடுவேன். கடைசியிலதான் கழுத்தைப் பிடிக்கும்.

— மூணு... நீங்க ரெண்டா? நானும் ரெண்டு. இப்ப அஞ்சு கிடக்கு. எடுங்க.

— ஒண்ணே ஒண்ணு எடுக்கறேன்.

— நான் மூணு. மிச்சம் ஒண்ணு. அது உங்களுது!

— ச்சே! இருங்க சார், திருப்பி வைங்க அந்த அஞ்சை. நான் ரெண்டு எடுத்திருந்தா?

— நானும் ரெண்டு எடுத்திருப்பேன். மிச்சம் ஒண்ணு.

— மூணு?

— நான் ஒண்ணு எடுத்திருப்பேன். மறுபடியும் மிச்சம் ஒண்ணு. அட! அஞ்சு கிடக்கிறப்ப யார் கை வைக்கணுமோ, அவன் என்ன பண்ணாலும் காலி. டீச்சர், நான் பாதி கண்டுபிடிச்சிட்டேன்!

— நான் ஒண்ணும் சொல்லல சார்.

— இருங்க, இருங்க. கேட்டுக்குங்க சார். அவன் ஒண்ணுன்னா நாம மூணு. ரெண்டுன்னா ரெண்டு. மூணுன்னா ஒண்ணு. ரெண்டு பேரும் எடுத்ததைக் கூட்டினா நாலு. எப்பவும் நாலு ஆக்கிடலாம் நாம.

— ஆக்கிட்டா?

— அஞ்சோட நாலு ஒன்பது. ஒன்பது கிடக்கிறப்ப அவன் கை வைக்கட்டும், நாம நாலாக்கறோம், அஞ்சுல வந்து நிப்பான்!

— ஒன்பதும் காலி! அதோட நாலு, பதிமூணு. பதிமூணும் காலி!

— பதினேழு!

— இருபத்தொண்ணு! காலி! ஏ வாட்ச்மேன், ஒண்ணுமில்ல, நீ போ, நாங்க பேசிட்டிருக்கோம். இருபத்தொண்ணும் காலி!

— சார்.

— என்ன?

— ஆட்டம் ஆரம்பிக்கிறதே இருபத்தொண்ணுலதானே?

— ஆமா, அப்ப... முதல்ல கை வைக்கிறவன் அப்பவே காலி.

— அடிப் பாவி மகளே!

— என்னங்க?

— ஒவ்வொரு தடவையும் சார், ஒவ்வொரு தடவையும்! குச்சியை வரிசையா அடுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'அப்பா, நீங்க பெரியவங்க, நீங்க முதல்ல எடுங்க'ங்கும். எவ்வளவு மரியாதையான புள்ளை பெத்திருக்கேன்னு கிடங்கு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே!

— ஹா! மரியாதை! சரித்திரத்துல இப்படித்தான் நெறைய ராஜாக்கள் போனாங்க. டீச்சர், சரியா நாங்க சொன்னது? ஏன் பேசாம நிக்கிறீங்க? டீச்சர்?

— கேட்டுக்குங்க டீச்சரம்மா. நான் நேராவே கேக்கறேன். நான் கண்டுபிடிச்சது சரியா, தப்பா? எனக்குக் கணக்கு தெரியாது. நீங்க தப்புன்னு சொன்னா நம்பிட்டுப் போயிடுவேன்.

— சரி. நூத்துக்கு நூறு சரி. அவளை முதல்ல எடுக்க வச்சு, ரெண்டு பேரும் எடுக்கறதை நாலு நாலா ஆக்கிட்டே வந்தீங்கன்னா, அவளால ஒண்ணும் பண்ண முடியாது.

— தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க. என் வாலு தப்பிச்சிருக்கும்.

— தெரியும்.

— பின்ன ஏன் சொல்லல?

— சரியான கணக்கை முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்ல எனக்கு வராது. கமிட்டிக்குப் பயந்தும் சொல்ல மாட்டேன், அவ மேல இருக்கற பாசத்துலயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவளே இதைக் கேட்டா, எந்த முகத்தோட போர்டு முன்னாடி நிப்பேன்? ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிச்சீங்க. அவ தனியா கண்டுபிடிச்சா. சாப்பாட்டு மணி அடிச்சு எல்லாரும் போனப்புறமும் பெஞ்சுல குச்சியை அடுக்கிட்டுக் கிடந்தா. கண்டுபிடிச்சதும் டீச்சர்னு கத்தினா பாருங்க, பக்கத்து வகுப்புலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. அப்ப அவ முகம் எப்படி இருந்துதுன்னு தெரியணும்னா, அந்தப் பீரோக் கண்ணாடியில இப்ப உங்க முகத்தைப் பாருங்க.

— நல்லாத்தான் பேசறீங்க டீச்சரம்மா. பேச்சைக் கேட்டு முதுகு நிமிராது. வர்றேன் சார்.

— நாளைக்குப் பத்து மணி. மறந்துடாதீங்க.

— வழி சொல்லலைன்னா வருவேன்னு சொன்னேன். அவங்க சொல்லல. அதனால வருவேன்.

— போயிட்டார். பாருங்க டீச்சர், உங்களுக்கு நல்லது சொல்றேன். நாளைக்குக் கமிட்டி முன்னாடி மன்னிப்பு கேட்டுடுங்க. இனிமே புத்தகத்துல இருக்கிறதை மட்டும் நடத்தறேன்னு ஒரு வார்த்தை.

— மாட்டேன் சார்.

— பிடிவாதம்!

— சார், காலிங் பெல்லைக் கூட அடிக்காம நீங்க போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்தார்.

— அது... அது வேற விஷயம்.

*

— வாங்க, வாங்க. கமிட்டி வண்டி இன்னும் வரல. டீச்சரும் இங்கதான் இருக்காங்க. முதல்ல அதைச் சொல்லுங்க, ஜெயிச்சீங்களா?

— இருபது லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரத்து நூத்தி அம்பத்திரண்டு.

— என்னது?

— ரெட்டிப்பு சார். நேத்தும் தோத்தேன்.

— தோத்தீங்களா! இந்த நாற்காலியில உக்காந்து அவ்வளவு தெளிவா... எங்க கோட்டை விட்டீங்க? நாலு நாலா எண்ணலையா?

— எண்ணாம என்ன சார்.

— அப்ப உங்க பொண்ணு வேற ஏதோ வழி வச்சிருக்கா. டீச்சர், இதுக்கு வேற வழி இருக்கா?

— வேற வழியே கிடையாது சார்.

— டீச்சரம்மா, கடன் தீர்ந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் முன்னாடியே வந்தேன்.

— தீர்ந்துபோச்சுன்னா?

— இருபது லட்சத்துக்கு நான் எங்க போவேன்? ஏழு பிறவிக்கு மூட்டை தூக்கினாலும் ஆகாது. அதனால, பேசின பேச்சுப்படி, வாலு எதுவரைக்கும் படிக்குதோ அதுவரைக்கும் படிக்க வைக்கிறேன்னு காலையிலேயே கிடங்குல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அவளும் அங்கயே நின்னு 'ரத்து'ன்னு சொல்லிட்டா. ஒத்தக் காசு பாக்கி இல்ல.

— அவங்க அம்மா?

— ரெண்டு நாளைக்குப் பேச மாட்டா. மூணாம் நாள் திட்டுவா. திட்ட ஆரம்பிச்சுட்டாள்னா சரியாயிடும்.

— உங்க முதுகு?

— மேஸ்திரிகிட்ட மூட்டை எண்ணற வேலை கேட்டிருக்கேன். கூலி கம்மிதான். 'உனக்கு எண்ணத் தெரியுமாய்யா?'ன்னான். நாலு நாலா நல்லா எண்ணுவேன்னு சொன்னேன். யோசிக்கிறேன்னிருக்கான். தரலைன்னா இந்த முதுகையே இன்னும் கொஞ்ச நாள் ஏமாத்திட்டு ஓட்டணும்.

— அப்ப கமிட்டி முன்னாடி என்னங்க சொல்லப் போறீங்க? டீச்சர், நீங்களாவது மன்னிப்பு...

— மாட்டேன் சார்.

— நான் சொல்றேன் சார். வர்றேன்னேன், வந்துட்டேன். இந்த அம்மா கத்துக் கொடுத்த ஆட்டத்துல இருபது லட்சம் தோத்த ஆளு நான்தான், என்னை விட ஏமாந்தவன் இந்த ஊர்லயே கிடையாது, அந்த நானே சொல்றேன், இந்த வகுப்பு நடக்கணும்னு சொல்லுவேன். நம்பலைன்னா தலைவரையே ஒரு ஆட்டத்துக்கு உக்காரச் சொல்லுவேன். கிளிப்பு இருக்கா?

— இருக்கு. இருபத்தொண்ணு எண்ணி வச்சிருக்கேன்.

— சார்! எப்ப எண்ணி வச்சீங்க?

— காலையில. அது வேற விஷயம் டீச்சர். பாருங்க, தலைவர் வந்ததும் நாற்காலியைக் காட்டி, 'ஐயா, நீங்க பெரியவங்க, நீங்க முதல்ல எடுங்க'ன்னு நானே சொல்லிடறேன். ஆனா எனக்கு இன்னும் மண்டை குடையுது. வழி தெரியும், நாலு நாலா எண்ணத் தெரியும், எப்படிங்க தோத்தீங்க? மறுபடியும் 'நீங்க பெரியவங்க'ன்னு தலையைக் குனிஞ்சாளா?

— இல்ல சார். என் முகத்தைப் பாத்ததுமே அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. குச்சியைத் தரையில அடுக்கிச்சு. ரெண்டு குச்சி உருண்டு போச்சு, நான்தான் எடுத்து வச்சேன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவே இல்ல. தலையைக் குனியவும் இல்ல. என்னையே நேராப் பாத்துக்கிட்டு, 'யார் முதல்லப்பா?'ன்னு கேட்டுச்சு.

— அப்புறம் என்ன? 'நீ எடு'ன்னு ஒரு வார்த்தை! அதோட முடிஞ்சுது!

— முடிஞ்சிருக்கும் சார்.

— பின்ன யாருதாங்க முதல்ல எடுத்தது?

— நான்தான் சார். பெரியவன் நான்தானே.